கோலசிலாங்கூர்க் குன்றும் கோட்டையும்

கிள்ளானிலிருந்து கடலையொட்டி வடக்கு நோக்கிச் செல்லும் சாலை, காப்பார், ஜெராம் ஆகிய ஊர்களைக் கடந்து சிலாங்கூர் ஆற்றின் முகத்துவாரத்தை அடைகின்றது. வழி நெடுகிலும் நிலம் தட்டையானது. முன்னாளில் ரப்பரும் தென்னையும் நின்ற இடங்களில் இப்போது செம்பனையே மிகுதி. ஆறு கடலோடு கலக்கும் இடத்தை நெருங்கியதும் அத்தட்டை நிலத்தினின்று குன்று ஒன்று தனித்து எழுந்து நிற்கக் காணலாம். உயரத்தால் அது பெரிய மலையன்று. ஆனால் சுற்றிலும் வேறு மேடு இல்லாமையால் கடலிலிருந்து வருவோருக்கும் ஆற்றின் வழி இறங்குவோருக்கும் முதலிற் புலப்படுவது அதுவே. புக்கிட் மலாவத்தி என்பது அதன் பெயர்.

வட சிலாங்கூர்த் தோட்டங்களில் வளர்ந்த தமிழர்க்கு இக்குன்று புதியதன்று. புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்துப் பிள்ளைகள் ஏறி விளையாடிய இடம் அது. அங்குள்ள சாம்பல்நிறக் குரங்குகளுக்குக் கடலை கொடுத்ததை நினைவில் வைத்திருப்போர் பலர். கோட்டையைப் பற்றிக் கேட்டால் அவர்கள் தரும் விடை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: "அது டச்சுக்காரன் கட்டிய கோட்டை, கலங்கரை விளக்கமும் அவன் கட்டியதே." இவ்விரண்டும் உண்மைக்குப் பொருந்துவன அல்ல. டச்சுக்காரர் எனப்படும் ஒல்லாந்தர் இக்குன்றின்மேல் இருந்த காலம் ஓர் ஆண்டுகூட நிரம்பவில்லை. அவர்கள் விட்டுச்சென்றது ஒரு பெயரை மட்டுமே. அப்பெயர் மட்டும் எப்படி இவ்வளவு காலம் நின்றது என்பது ஆராயத்தக்கது.

ஆற்று வாயிலின் அரண்

சாலைகள் தோன்றுமுன் மலாய் நாட்டில் ஆறுகளே சாலைகள். சிலாங்கூர் ஆறு உட்பகுதியிலுள்ள மலைகளில் தோன்றி மேற்கே பாய்ந்து மலாக்கா நீரிணையிற் கலக்கின்றது. உலு சிலாங்கூர் வட்டாரத்தில் எடுக்கப்பட்ட ஈயம் இந்த ஆற்றின் வழியாகவே படகுகளில் வந்தது. மேலே செல்லும் அரிசி, உப்பு, துணி ஆகியனவும் இவ்வழியே சென்றன. ஆற்றின் வாயிலில் அமர்ந்திருப்பவன் எவனோ அவனே சுங்கம் வாங்குவான்; சுங்கம் வாங்குபவனே நாட்டை ஆள்வான். உட்பகுதிக் காட்டில் எத்தனை ஊர்களை வைத்திருந்தாலும் முகத்துவாரம் கைவிட்டுப் போனால் அரசு போயிற்று என்பதே அந்நாளைய நிலை.

இம்முறை மலாய் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1066-ஆம் ஆண்டில் இங்கிலாந்தை வென்ற நார்மானியர் ஆற்றுத்துறைகளையும் ஊர்களையும் அடக்கி ஆளும் பொருட்டு மண்ணைக் குவித்துக் குன்று செய்தனர். அதன் உச்சியில் மரவேலியிட்டு, அடியில் அகழி வெட்டிக் கோட்டை அமைத்தனர். மண்ணும் மரமும் பின்னர்க் கல்லாயின. தேம்ஸ் ஆற்றங்கரையில் லண்டன் நகரைக் காத்து நிற்கும் வெள்ளைக் கோபுரம் அவ்வழியில் எழுந்ததே. நார்மானியர் கூடை கூடையாக மண் சுமந்து செய்த வேலையைச் சிலாங்கூரில் இயற்கையே செய்து வைத்திருந்தது. திருவள்ளுவர் அரண் என்னும் அதிகாரத்தில் நீரரண், நிலவரண், மலையரண், காட்டரண் என நான்கினையும் சேர்த்து எண்ணுகின்றார். தமிழாசிரியர் அக்குறளை நடத்தும்போது எடுத்துக்காட்டுக்குத் தொலைவு போக வேண்டுவதில்லை. ஆறும் கடலும், கால் புதையும் சேற்று வெளியும், குன்றும், அலையாத்திக் காடும் ஒருங்கே அமைந்த இடம் கோலசிலாங்கூர்.

இவ்விடத்தின் அருமையை அறிந்து இங்கு அரசு அமைத்தோர் பூகிஸ் மரபினர். சுலாவெசித் தீவினின்று வந்து ரியாவில் செல்வாக்குப் பெற்ற அம்மரபின் டாயெங் செலாக்கின் மகன் ராஜா லுமு என்பவர். அவர் சுல்தான் சலாஹுடின் என்னும் பட்டத்துடன் சிலாங்கூரின் முதற் சுல்தான் ஆனார். 1766-ஆம் ஆண்டில் பேராக் சுல்தான் அவரை முறைப்படி அங்கீகரித்தார். அவருக்குப் பின் வந்த மகன் சுல்தான் இப்ராகிம் 1826-ஆம் ஆண்டு வரை ஆண்டவர். மலாவத்திக் குன்றின் கோட்டை வலிமை பெற்றது இவர் காலத்தில். குன்றின்மேல் ஒன்றும், அண்மையிலுள்ள தஞ்சோங் கெராமாட் மேட்டில் மற்றொன்றுமாக இரு கோட்டைகள் ஆற்று வாயிலைக் காத்தன.

நாகப்பட்டினத்திலிருந்து ரியாவுக்கு

ஒல்லாந்தர் இங்கு வந்த கதையைத் தமிழ்நாட்டுக் கடற்கரையினின்று தொடங்குவதே பொருத்தம். அவர்களுடைய கிழக்கிந்தியக் கும்பினி பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டிக்கொண்டு துணி வாணிகம் செய்தது. சோழமண்டலக் கரையின் துணியைக் கொடுத்து மலாய் நாட்டின் ஈயத்தை வாங்குவது பழைய வாணிக முறை. 1780-இல் ஆங்கிலேயருக்கும் ஒல்லாந்தருக்கும் போர் மூண்டது. 1781 நவம்பரில் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. பின்னர் அது ஒல்லாந்தருக்குத் திரும்பவேயில்லை.

அதே போரின் மற்றொரு பொறி ரியாவில் விழுந்தது. 1782-இல் அங்கு நின்ற பெட்ஸி என்னும் ஆங்கிலக் கப்பல், அபினிச் சரக்கோடு பிடிபட்டது. தம் துறைமுகத்திற் பிடித்த பொருளில் ஒப்பந்தப்படி தமக்கும் பங்குண்டு என்று ரியாவின் ஆட்சித் தலைவர் ராஜா ஹாஜி கேட்டார். மலாக்காவிலிருந்த ஒல்லாந்தர் மறுத்தனர். ராஜா ஹாஜி, சிலாங்கூரின் முதற் சுல்தானுக்குச் சகோதரர். சுல்தான் இப்ராகிமுக்குச் சிற்றப்பன் முறை. ஆகவே 1784-இன் தொடக்கத்தில் ராஜா ஹாஜி மலாக்காவை முற்றுகையிட்டபோது, சிலாங்கூர்ப் படையும் வடபுறமிருந்து வந்து சேர்ந்துகொண்டது. ஒல்லாந்தரின் மலாக்கா ஏறத்தாழ வீழ்ந்துவிட்ட நிலையில் ஐரோப்பாவினின்று வான் பிராம் என்பவரின் தலைமையில் போர்க்கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஜூன் 18-ஆம் நாள் தெலுக் கெத்தாப்பாங்கில் நடந்த போரில் ராஜா ஹாஜி மாண்டார். ரியாவின் அந்நாளைய நிகழ்ச்சிகளை, அவருடைய பேரர் ராஜா அலி ஹாஜி பிற்காலத்தில் எழுதிய துஹ்ஃபத் அல்-நஃபீஸ் என்னும் நூலில் விரிவாகக் காணலாம்.

துணை செய்தவரைத் தண்டிக்க வான் பிராமின் கப்பல்கள் அடுத்துச் சிலாங்கூருக்குத் திரும்பின. 1784 ஆகஸ்டில் கோலசிலாங்கூர் வீழ்ந்தது. சுல்தான் இப்ராகிம் உட்காட்டு வழியாகப் பகாங் சென்று அடைக்கலம் புகுந்தார். வென்றவர்கள் முதலிற் செய்தது பெயர் சூட்டியது. குன்றுக் கோட்டைக்குப் பத்தேவியாவில் இருந்த தம் தலைமை ஆளுநர் வில்லெம் ஆர்னால்ட் ஆல்திங்கின் பெயரால் ஆல்திங்ஸ்பர்க் என்றும், தஞ்சோங் கெராமாட் கோட்டைக்கு உட்ரெக்ட் என்றும் பெயர் வைத்தனர். உட்ரெக்ட் என்பது நெதர்லாந்தின் ஒரு நகரம். வான் பிராமின் கப்பலுக்கும் அப்பெயரே.

பெயர் வைத்ததோடு சரி. 1785 ஜூன் மாத இறுதியில் சுல்தான் இப்ராகிம் பகாங் பெண்டஹாராவின் படைத் துணையோடு திரும்பி வந்து கோட்டையை மீட்டுக்கொண்டார். ஒல்லாந்தர் கப்பலேறித் தப்பினர். ஆகஸ்டு முதல் ஜூன் வரை எண்ணிப் பார்த்தால், ஆல்திங்ஸ்பர்க் என்னும் பெயருக்குரிய ஆட்சி அக்குன்றின்மேல் நிலவியது சுமார் பதினொரு மாதமே. பின்னர் ஒல்லாந்தக் கப்பல்கள் முகத்துவாரத்தை அடைத்து நின்றன. உள்ளே அரிசி வரவும் ஈயம் வெளியே போகவும் வழியில்லாமற்போன நிலையில், 1786-இல் சுல்தான் உடன்படிக்கைக்கு இசைந்தார். கோட்டை கையில் இருந்தும் வாயில் அடைபட்டதே இதற்குக் காரணம். 1795-இல் மலாக்காவே ஆங்கிலேயர் வசமாயிற்று. 1799-இல் ஒல்லாந்தக் கும்பினியும் கலைந்தது. சுல்தான் இப்ராகிம் அதன் பிறகும் இருபத்தேழு ஆண்டுகள் ஆண்டார்.

ஊர் ஊராய்ச் சென்ற பீரங்கி

கோலசிலாங்கூர்க் கோட்டைக்குரிய புகழ்பெற்ற பொருள் ஒன்று இன்று பினாங்கில் இருக்கின்றது. ஜார்ஜ் டவுன் நகரத்துக் கார்ன்வாலிஸ் கோட்டையில் கடலை நோக்கி நிற்கும் ஸ்ரீ ரம்பை என்னும் வெண்கலப் பீரங்கியைப் பார்த்திராத மலேசியத் தமிழர் அரியர். 1603-இல் வார்க்கப்பட்ட ஒல்லாந்தப் பீரங்கி அது. ஆனால் அதைக் கோலசிலாங்கூருக்குக் கொண்டுவந்தவர்கள் ஒல்லாந்தர் அல்லர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் அதை ஜொகூர் சுல்தானுக்குப் பரிசாக அளித்தனர். 1613-இல் ஜொகூரைத் தாக்கிய ஆச்சேயர் அதனைக் கவர்ந்து சென்றனர். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆச்சேயில் இருந்தபின், 1795-இல் அது சுல்தான் இப்ராகிமுக்கு வந்தது. அதாவது, ஒல்லாந்தரைக் குன்றினின்று விரட்டிப் பத்து ஆண்டு கழித்து, ஒல்லாந்தப் பீரங்கி ஒன்று அதே குன்றுக்கு நட்புப் பொருளாக ஏறியது! பீரங்கியின் முத்திரையை மட்டும் பார்த்துக் கோட்டையின் வரலாற்றை எழுதுவோர் எங்கே வழுக்கி விழுவர் என்பது இதனால் விளங்கும்.

அது பினாங்குக்குப் போனது வேறொரு போரில். 1867 முதல் சிலாங்கூரில் அரசகுடும்பத்தினரிடையே சுங்க உரிமை பற்றிப் பெரும் போர் நடந்தது. சுல்தான் அப்துல் சமாட்டின் மருமகனான கெடா இளவரசர் துங்கு குடின் ஒருபுறம். ராஜா மஹ்டி மறுபுறம். 1870-இல் கிள்ளானை இழந்த ராஜா மஹ்டி வடக்கே வந்து கோலசிலாங்கூரைப் பிடித்துக்கொண்டார். மறு ஆண்டு, பினாங்கிலிருந்து புறப்பட்ட சீன மரக்கலம் ஒன்றைக் கொள்ளையர் கைப்பற்றி, அதிலிருந்தோரைக் கொன்று, கலத்தைச் சிலாங்கூர் ஆற்றுக்குள் கொண்டுவந்தனர். அதைத் தேடி வந்த ஆங்கிலேயருக்கும் கோட்டையிலிருந்தோருக்கும் கைகலப்பு மூண்டது. 1871 ஜூலை 4-ஆம் நாள் ரினால்டோ என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல் கோட்டைகளைச் சுட்டுத் தகர்த்தது. ஊரும் எரிந்தது. ஸ்ரீ ரம்பை அப்போதுதான் ஆங்கிலேயர் கையிற் சிக்கியது.

கொள்ளையரைத் தேடி வந்தவர்கள் கோட்டையை இடித்துவிட்டுப் போனது நீதியா என்ற வினாவை மலாய் வரலாற்றை எழுதுவோர் இன்றும் எழுப்புகின்றனர். கோட்டை துங்கு குடின் பக்கத்துக்குக் கிடைத்தது என்பதே அதன் உடனடிப் பயன். 1872-இல் அது மீண்டும் கைமாறி, 1873-இல் பகாங் படையின் உதவியால் திரும்பவும் குடினிடம் வந்தது. 1874-இல் ஆங்கில ரெசிடெண்டு ஆட்சி தொடங்கியபின் ஆற்று வாயிற் சுங்கத்துக்கும் கோட்டைக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. சுங்கம் அரசாங்கக் கச்சேரிக்குப் போயிற்று. கோட்டைக்கு வேலை இல்லாமற் போயிற்று.

பினாங்குக்கு வந்த பீரங்கி கடலில் மூழ்கிக் கிடந்ததாகவும், துங்கு குடின் கயிறு கட்டியதும் தானே மிதந்து எழுந்ததாகவும் கதை வழங்குகின்றது. பிள்ளைப் பேறு வேண்டும் பெண்கள் அதன் வாயில் மலர் வைத்து வணங்கும் வழக்கமும் உண்டு. கொல்வதற்கு வார்த்த பொருளிடம் பிள்ளை வரம் கேட்பது விந்தையே.

குன்றின்மேல் எஞ்சியவை

மலாவத்தியில் இன்று காணக் கிடைப்பவற்றைத் தனித்தனியே பிரித்தறிதல் வேண்டும். காட்டுக்கல் அடுக்கிய பழைய மதிலின் சில பகுதிகள், பல காலத்துப் பீரங்கிகள், படிக்கட்டு ஆகியவை கோட்டையைச் சேர்ந்தவை. பாத்து ஹம்பார் என்னும் தட்டையான பாறை தலை வெட்டும் மேடையாக இருந்தது என்றும், ஒரு பழங்கிணற்றில் நச்சு நீர் நிரப்பித் துரோகிகளை இறக்கினர் என்றும் உள்ளூரார் கூறுவர். மாணவர்க்கு இக்கதைகளே மிகவும் பிடிக்கின்றன. கதை என்று சொல்லிக் கூறுவதில் தவறில்லை.

இவற்றுள் பெருமைக்குரியது அரச கல்லறை மண்டபம். சுல்தான் சலாஹுடின், சுல்தான் இப்ராகிம், சுல்தான் முகம்மது ஆகிய முதல் மூவரும் அங்கே துயில்கின்றனர். பின்வந்தோர் தலைநகரைத் தெற்கே மாற்றிக்கொண்டனர். கல்லறையின் அருகில் மஞ்சள் துணி போர்த்திய பீரங்கி ஒன்று உள்ளது. அதன் பெயர் சாங் ரஜுனா. மலாய்ப் பழங்கதைகளில் ரஜுனா என வழங்குபவன் பாரதத்து அருச்சுனனே. பூகிஸ் முஸ்லிம் அரசரின் கல்லறைக்குக் காவல் நிற்கும் பீரங்கிக்கு வில்லாளி விசயனின் பெயர்! மலாய் மொழியில் பாரதக் கதைகள் எவ்வளவு ஆழமாக ஊன்றி நின்றன என்பதற்கு ஏட்டுச் சான்று தேடும் ஆசிரியர், மாணவரை இந்தப் பீரங்கியின் முன் நிறுத்தினாற் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக உயர்ந்து தோன்றுவது 27 மீட்டர் உயரமுள்ள வெள்ளைக் கலங்கரை விளக்கம். ஆல்திங்ஸ்பர்க் விளக்கம் என்பது அதன் பெயர். பெயரைக் கேட்போர் அதை ஒல்லாந்தர் காலத்தது என எண்ணுவது இயல்பு. ஆனால் அது 1907-இல், ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்தது. ஒல்லாந்தர் போய் நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் கட்டிய விளக்கத்துக்கு அவர்கள் வைத்த பெயரே ஒட்டிக்கொண்டது. கப்பலோட்டிகளின் வழக்கில் ஏறிய பெயர் எளிதில் இறங்குவதில்லை போலும். பக்கத்தில் அருங்காட்சியகமாக விளங்கும் கட்டடமும் ஆங்கிலேயர் காலத்ததே. இவற்றையெல்லாம் சுற்றி நின்ற கடலோ பின்வாங்கிவிட்டது. ஆறு கொணர்ந்த வண்டல் படிந்து அலையாத்திக் காடு முன்னேறியதால், பீரங்கிகள் இன்று கடலை நோக்கவில்லை. மரங்களின் தலையை நோக்குகின்றன.

ஆற்றின் மேற்பகுதி

கோட்டை ஓய்ந்த காலத்தில் ஆற்றின் இருமருங்கிலும் வேறொரு குடியேற்றம் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பருக்காகக் காடு அழிந்தது. தஞ்சை, திருச்சி, சேலம், வடஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணிகளின் வழி வந்த தமிழர் லயன்களில் குடியேறினர். ஒல்லாந்தர் இழந்த நாகப்பட்டினம் இவர்கள் கப்பலேறிய துறைகளுள் ஒன்று. 1938-இல் இந்திய அரசு தடை செய்யும்வரை இவ்வரவு தொடர்ந்தது. முன்பு ஈயம் வந்த வழியாக இப்போது ரப்பர் ஷீட்டுகள் இறங்கின.

அக்காலத்தில் இங்கு வந்த ஐரோப்பியருள் ஹென்றி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் ஒருவர். 1905-இல் மலாயா வந்து, சிலாங்கூர் ஆற்றின் கரையில் ரந்தாவ் பாஞ்சாங் என்னுமிடத்தில் தோட்டம் அமைத்தார். 1917-இல் அவர் தொடங்கிய மற்றொரு தோட்டமே மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம். பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். தென்னைமரம் என்னும் தமிழ்ச்சொல் பேச்சுவழக்கில் அப்படியே தோட்டத்துப் பெயராயிற்று. தென்னையின் பெயர் தாங்கிய நிலத்திற் செம்பனை வேரூன்றி, நாடு முழுதும் பரவியது. ஃபொக்கோனியே பின்னர் எழுதிய மலேசி என்னும் நாவலில் இவ்வட்டாரத் தோட்டங்களும் அங்கு உழைத்த தமிழரும் இடம்பெற்றனர். 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு அந்நூலுக்குக் கிடைத்தது.

குன்றின் பழங்கற்களுக்குக் காவலும் பெயர்ப்பலகையும் உண்டு. தோட்டத்து லயன்களுக்கு அவை இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயன்களும் கோயில்களும் பள்ளிகளும் இடம் பெயர்ந்தன. குடும்பங்கள் பட்டணம் சேர்ந்தன. எந்த லயனில் எந்த ஊரார் இருந்தனர், எந்தப் பள்ளி எந்த ஆண்டில் எந்தக் கொட்டகையில் தொடங்கியது என்பதைச் சொல்லக்கூடிய முதியோர் வட்டாரத்துக்குச் சிலரே எஞ்சியுள்ளனர். மலாவத்திக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், திரும்பும் வழியில் இம்முதியோரிடமும் வண்டியை நிறுத்தலாம். பதினொரு மாதம் இருந்தவர் வைத்த பெயர், ஏட்டில் ஏறியதால் நின்றது. மூன்று தலைமுறை உழைத்தவரின் ஊர்ப்பெயர்கள் பல ஏட்டில் ஏறவில்லை.

பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று புதுப்பெயர் வந்தது. பழையவர் வாயில் இன்னும் பழம்பெயரே வழங்குகின்றது. அதன் அருகில் தோட்டமும் எண்ணெய் ஆலையும் தென்னமரம் என்னும் பெயரோடு நிற்கின்றன.